மெங் வீட்டு வலக்கை

குளிர்காலத்தில் எலும்பு கூடுவதற்கு நாளாகும், ஐயா. அதனால்தான் நீங்கள் அழைத்தவுடன் காவல் நிலையத்துக்கு வர முடியவில்லை. கட்டுப் போட்டவர்களைப் பாதியில் விட்டுவிட்டு வர எனக்கு மனம் வராது.

என் பெயர் ஸூலான். இந்தக் காங்சோ ஊரில் பாதி இளைஞர்கள் எங்கள் அப்பா மெங் ஆசானிடம் குங்ஃபூ கற்றவர்கள். பெண்பிள்ளை என்பதால் எனக்குச் சண்டை சொல்லித்தரவில்லை. அடிபட்டு வருகிறவர்களுக்கு எலும்பு வைத்துக் கட்டச் சொல்லித்தந்தார். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை.

தம்பி ஷௌயிதான் வாரிசு. அறுவடைச் சந்தையில் கோங் வீட்டு லியாங்கோடு அவனுக்குப் போட்டி. லியாங் கால் இடறி விழுந்தான். ஒரு மிதி மிதித்திருந்தால் முடிந்திருக்கும். இவன் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். எழுந்தவன் அதே வலக்கையை முறுக்கி மணிக்கட்டை விலக்கிவிட்டான்.

"மெங் வீட்டுல இப்ப குங்ஃபூ இல்லயாம், சத்திரம் நடத்துறாங்களாம்" என்று சந்தையே சிரித்தது. அன்று மாலைக்குள் மாணவர்கள் ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். அப்பா முன்னோர் படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தே இருந்தார். அவரை அப்படிப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஷௌயி சிரித்துக்கொண்டேதான் கையை நீட்டினான். "மெதுவாக்கா. அப்பா அடியவிட உன் வைத்தியந்தான் வலிக்கும்."

சோளச் சாராயம் ஊற்றிக் கொடுத்தேன். ஓர் இழுப்பில் உட்கார்ந்துவிடக்கூடிய மூட்டுதான். நான் இழுக்கவில்லை. மருந்து இடிக்கும் கல்லை எடுத்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"அப்பா சொன்னாரா?"

"ஆமா."

"அப்போ சரி."

நினைத்திருந்தால் ஒரே தட்டில் என்னைச் சுவரோடு சாய்த்திருப்பான். கையைக்கூட இழுத்துக்கொள்ளவில்லை. அந்த அடக்கம் எங்கள் வீட்டுக்கே உரியது. "அக்கா" என்று மட்டும் ஒருமுறை சொன்னான். மணிக்கட்டை நொறுக்கி, கோணலாக வைத்து, மூங்கில் பத்தை கட்டினேன். வைத்த கோணத்திலேயே கூடிவிட்டது. மன்னிப்புக் கேட்க வந்த லியாங் அதைப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் ஓடிவந்திருக்கிறான்.

அப்பா உண்மையில் என்ன சொன்னார் என்றுதானே கேட்கிறீர்கள்? "நல்லா கட்டிவிடும்மா. அவன் செஞ்சதுல தப்பில்ல. அவன்கிட்ட நானே சொல்லணும், வாய் வரமாட்டேங்குது" என்றார். வாய்ப்பேச்சு அது. பெற்ற பாசம் அப்படித்தான் பேசும். அவர் நெஞ்சில் இருந்தது மகளுக்குத் தெரியாதா? வீட்டின் பெயரை யாராவது காக்க வேண்டாமா?

கட்டுப் பிரித்த அன்று அப்பா அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். அன்றிலிருந்து நான் சமைத்ததை அவர் தொடுவதில்லை. தம்பிதான் இடக்கையால் அவருக்குக் கஞ்சி காய்ச்சுகிறான். வயதானவர், ஐயா. என் சமையலில் உப்பு சற்றுத் தூக்கலாக இருக்கும்.