ஆட்சேபணை எதுவும் வரவில்லை

நான் வடைக்கும் ரசீது கேட்கிறவன், மேடம். தாம்பரம் வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். போலீஸ் பறிமுதல் செய்த வண்டிகளை ஏலம் விட்டு வரும் நிதியைக் கண்காணிக்க, பொதுமக்கள் தரப்பில் ஒருவர் வேண்டும் என்றபோது, ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் யக்ஞநாராயணன் என்று என்னைப் போட்டதே அதனால்தான். முதல் கூட்டத்திலேயே, பன்னிரண்டு வடையைப் பதினான்கு என்று எழுதிய பில்லைத் திருப்பி அனுப்பினேன்.

"கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் ஆராயார்னு உங்களைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கா" என்றாள் என் மனைவி ரமா. அவளுக்கு எப்போதும் கேலிதான்.

ஏலத்துக்கு முன் பதினைந்து நாள் ஆட்சேபணைக்கு அவகாசம் உண்டு. வண்டிக்கு உரிமை கோரும் மனு நேராக என்னிடம் வர வேண்டும். ஸ்டேஷனில் கொடுத்தால் காணாமல் போய்விடும் என்று நானே கொண்டுவந்த ஏற்பாடு.

பதின்மூன்றாம் நாள் ஜான்சி என்கிற பெண் கீழ்க்கட்டளையில் என் வீட்டுக்கே வந்தாள். ரேஷன் அரிசி கடத்தியதாகச் சொல்லி, அவள் புருஷன் ஏசுதாசனின் குட்டியானை வண்டியைப் பிடித்திருந்தார்கள். அது சர்ச் அசன விருந்துக்குப் போன அரிசி என்று கோர்ட் சொல்லி, வண்டியைத் திருப்பித் தர உத்தரவும் போட்டுவிட்டது.

"ஸ்டேஷன்ல குடுத்தா அலைய வுடுவாங்க சார். உங்கள நம்பி வந்துகீறேன். எட்டு மாசமா வண்டி இல்லாம வூட்ல ஒரே பேஜாரா கீது."

"மனுவையும் கோர்ட் உத்தரவையும் வெச்சுட்டுப் போம்மா, நான் பாத்துக்கறேன்."

காபி கொடுத்தோம். பழக்க தோஷம், பெற்றுக்கொண்டேன் என்று தேதி போட்டு ரசீதும் எழுதிக் கொடுத்தேன். அவள் போனதும் உத்தரவை நிதானமாகப் படித்தேன். தெளிவான உத்தரவு. அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

என் மாப்பிள்ளை பத்ரி அப்போதுதான் கோவிலம்பாக்கத்தில் தண்ணீர் கேன் வியாபாரம் ஆரம்பித்திருந்தான். அந்த வண்டிக்கு நாலு டயரும் புதுசு. சிநேகிதன் பெயரில் ஏலம் எடுத்தான். ஏலத்தொகையை ஒரு ரூபாய் குறையாமல் நிதியில் கட்டினோம். 'ஆட்சேபணை எதுவும் வரவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான்.

ஜான்சி மறுபடி வந்தாள். "மனு குடுக்க ஒரு வாரம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதாம்மா?" என்றேன். தாமதம் தன்னுடையதுதான் என்று நம்பி வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். பார்க்கவே பாவமாக இருந்தது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஏசுதாசனுக்குப் பத்ரியிடமே டிரைவர் வேலை வாங்கிக் கொடுத்தேன். அவனுக்குக் கை பழகிய வண்டி. கதவில் இருந்த ஜெரூஷா என்ற அவன் மகள் பெயரை அழிக்கச் சொன்னபோதுகூட, பெயின்ட் செலவைச் சம்பளத்தில் பிடிக்கவில்லை.

யாரோ வக்கீல் அந்த ரசீதின் தேதியைப் பார்த்துவிட்டார். உங்களுக்கு வந்த புகாரில் ஏசுதாசன் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு மனசு விட்டுப்போய்விட்டது, மேடம். நன்றியை எதிர்பார்த்துச் செய்யவில்லைதான்.

ஆனாலும் அவனை வேலையை விட்டு நிறுத்த வேண்டாம் என்று பத்ரியிடம் சொல்லியிருக்கிறேன். ஒருத்தன் பிழைப்பில் கை வைக்கிற குணம் எனக்குக் கிடையாது.