மச்சான் சுற்றிய சுற்று

"எங்க வீட்டுக்காரருக்குக் குடிகாரன்னு பேரு வாங்கிக் குடுத்தது நீதான்டா."

சித்திரபுரம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் தன் தம்பியிடம் சொன்னாள். தம்பிக்கு எஸ்டேட் தொரை பங்களாவில் வேலை.

"தொரையோட தூண்டில் ரீலுக்குப் புது நூல் ஏத்தச் சொன்னாருக்கா. ரீல் உருளை சுத்துறப்ப நூல்கட்டையும் கூடவே சுத்தணும். இல்லைன்னா நூல் முறுக்கிக்கும், வீசுறப்பச் சிக்கு விழும்."

"அதுக்கு?"

"மச்சான் கட்டையைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, நின்ன எடத்துலயே தானும் சுத்துனாரு."

"எத்தன சுத்து?"

"நூல் தீர்ற வரைக்கும். ஒரு முறுக்குகூட விழல. தொரையே மெச்சுனாரு."

"கட்டை ஓட்டையில பென்சிலச் சொருகிப் பிடிச்சா அது தானாச் சுத்தாதா?"

"மச்சான் சும்மாத்தான நின்னாரு," என்றான், வெட்கமே இல்லாமல்.

"தலை சுத்தி, தள்ளாடிப் போயி கங்காணி மேல விழுந்துருக்காரு. குடிச்சிருக்கான்னு வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. நாளைக்குக் காலையில பேரு கூப்பிடுற எடத்துக்கு வா. அத்தன பேரு முன்னாலயும் கங்காணிகிட்டச் சொல்லு, அவரு குடிச்சாரா, நீ சுத்த விட்டியான்னு."