காலி நாற்காலி கூடாது

— மறுபடியும் சொல்றேன், இந்தக் கடைசிக் காட்சி நம்புற மாதிரி இல்லண்ணே.

— இடைவேளைல வந்து இதச் சொல்ற பாரு. இன்னும் பத்து நிமிஷத்துல அதத்தான் நீ நடிக்கப் போற. மூஞ்சிய ஒத்திக்கோ, மையெல்லாம் வழியுது.

— நடிக்கிறவளுக்குத்தானே உறுத்தும். வெள்ளைக்காரத் துரை சர்க்கஸ் கூடாரம் போட்டு ஊரையே சும்மா வந்து பார்க்கச் சொல்றான். ஊரும் ஒரு ஆள் மிச்சமில்லாம போய் உட்கார்ந்துக்குது. அவங்க புலியப் பார்த்துக் கைதட்டுற நேரத்துல இங்க குடிசையெல்லாம் தரைமட்டம். ஏண்ணே, கால் வலிக்குது, நான் வரலன்னு சொல்ல ஒரு கிழவன்கூடவா அந்த ஊர்ல இல்ல?

— நிஜமா நடந்ததுன்னு நான் எங்க சொன்னேன்? மண்டைய உடைச்சு நானே கட்டினது. இப்ப இருக்கிறவங்களத் திட்டணும்னா துரைத் தொப்பிய மாட்டிவிட்டுத்தான் திட்டணும். தொப்பியக் கழட்டினா அனுமதி கிடைக்காது.

— துரை கப்பலேறி எத்தனையோ வருஷமாச்சு. நாடகம் போட அவன் எழுதின சட்டப்படிதான் இன்னும் மூணு பிரதி தூக்கிட்டு அலையறோம்.

— இந்தத் தடவை ஒரு வரிகூட வெட்டலையே, அதச் சொல்லு. போன மூணு நாடகமும் உரிச்ச கோழி மாதிரி திரும்பி வந்துச்சு. இப்ப அனுமதி ஆபீஸ் அம்மா என்னைய உட்கார வெச்சு, டீ வரவழைச்சு, நல்லா எழுதியிருக்கீங்கன்னாங்க. நடுத்தெருவுல மண்ணுல உட்கார்ந்து பார்த்த ஜனத்துக்கு ஏசி அரங்கு. தெருமுனைக்கே பஸ். உனக்கு வேற என்னதான் வேணும்?

— எனக்கென்னமோ சரியாப் படல. ஆறு மாசத்துல இன்னைக்குத்தான் நம்ம தெருவுல காவலுக்கு ஆள் இல்ல.

— ஆரம்பிச்சிட்டியா.

— ஆமா. ஆள் இருக்கிற வீட்ட இடிக்கக் கூடாதுன்னு கோர்ட்டு சொன்ன நாள்லேர்ந்து வீட்டுக்கு ஒருத்தர் முறை போட்டு உட்கார்ந்திருக்கோம். கல்யாணத்துக்கும் போகல, சாவுக்கும் மொத்தமா கிளம்பினதில்ல. என் மாமியாருக்கு இடுப்புக்குக் கீழ அசைவில்ல. நான் இருக்கேன், நீங்க போய்ட்டு வாங்கன்னு எத்தனை தடவை சொன்னாங்க தெரியுமா? நாற்காலியோட தூக்கி ஏத்தினோம். கண்ணாடிய வேற மறந்துட்டாங்க. பரவால்ல அத்தை, காதால கேளுங்க, வந்து எடுத்துக்கலாம்னுட்டேன்.

— நான் என்ன ஆசைக்கா எல்லாரையும் கூப்பிட்டேன்? அனுமதிக் கடிதத்துலயே போட்டிருக்கு. இருநூத்து நாப்பது இருக்கை, இருநூத்து நாப்பது பேர். நம்ம தெருக்காரங்க மட்டும், வெளியாள் கூடாது. ஒரு நாற்காலி காலியா இருந்தாலும் ரத்து. கூட்டம் வந்தா கலவரம் வந்துடும்னு அவங்களுக்குப் பயம். கூட்டிக் கழிச்சுப் பார்த்தா அரை நாள். மதியத்துக்குள்ள வீட்டுல இருப்போம்.

— சார், உள்ள வரலாங்களா? பஸ் டிரைவருங்க.

— வாங்க வாங்க. நாடகம் பார்த்தீங்களா?

— பின்னாடி நின்னு பார்த்தேன் சார். அந்தத் துரை நடக்கிறாரே, எங்க டிப்போ மேனேஜரு அப்படியே. சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாப் போச்சு. இதுல ஒரு கையெழுத்து வேணுங்க. இருநூத்து நாப்பது பேரும் ஏறி வந்தாச்சுன்னு.

— கொடுங்க. பன்னெண்டு மணிக்குள்ள நாடகம் முடிஞ்சிடும். வண்டிய வாசலுக்குக் கொண்டாந்துடுங்க.

— அது முடியாதுங்களே. ஒரு மணிக்கு முன்னாடி எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு. அஞ்சு வண்டிச் சாவியையும் சூப்பர்வைசர் வாங்கிட்டுப் போயிட்டாரு.

— சாவிய எதுக்கு வாங்கணும்?

— நமக்கு என்னம்மா தெரியும். ஓட்டுன்னா ஓட்டுவோம், நிறுத்துன்னா நிறுத்துவோம்.

— அண்ணே, கையெழுத்துப் போடாத.

— போட்டுட்டேனே. ஏன்?

— அந்தச் சீட்டக் குடு. ஏறுற இடம், நம்ம தெரு. சரி. இறங்குற இடம்னு இதென்ன?

— ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய பள்ளிக்கூடம் இருக்கும்மா. எல்லாரையும் அங்க விடச் சொல்லியிருக்காங்க.

— எங்கள எதுக்குங்க பள்ளிக்கூடத்துல விடணும்?

— சாப்பாடு கீப்பாடு போடுவாங்களோ என்னமோன்னு நினைச்சேன். காலைல அந்த வழியாத்தான் வந்தேன், சாமான் இறக்கிட்டிருந்தாங்க. பாய், வாளி, பிளாஸ்டிக் குடம். பாய் மட்டுமே ஒரு வண்டி.

— அண்ணே.

— இரு. இரும்மா, கேட்போம். டிரைவர், நாம தெருவ விட்டுக் கிளம்பினப்ப எதிர்ல ஏதாவது வந்துச்சா?

— வந்துச்சே சார். லாரி மேல ஏத்தி மூணு மஞ்ச வண்டி. இந்த இடிக்கிற வண்டி, மண்ணள்ளுற வண்டி. முனையில நாங்க ஒதுங்கி வழி விட்டுட்டுத்தானே வந்தோம். ரோடு வேலைன்னு நினைச்சேன்.

— நானும் பார்த்தேண்ணே. எல்லாரும் பாடிக்கிட்டு வந்தோம். பிள்ளைங்க ஜன்னல் வழியாக் கையாட்டுச்சுங்க. லாரிக்காரனும் கையாட்டினான்.

— போன் எங்க? என் போன் எங்க?

— வாசல்லயே வாங்கி வெச்சுக்கிட்டாங்களே. ஆளுக்கு ஒரு டோக்கன்தான் இருக்கு.

— என்கிட்ட இருக்குங்க. இந்தாங்க. நம்பர் சொல்லுங்க, அடிச்சுத் தர்றேன்.

— முனை மருந்துக் கடைக்கு அடிங்க.

— மருந்துக் கடைக்காரர் மூணாவது வரிசைல உட்கார்ந்திருக்காருண்ணே.

— தையல் கடை.

— சம்சாரத்தோட வந்திருக்காரு.

— வக்கீல்? வக்கீல் சாரு?

— முன் வரிசைல. நீதான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் உட்கார வெச்ச. அவர்கிட்ட சொல்லித்தான் என்ன ஆகப் போகுது? ஆள் இருக்கிற வீட்டத்தானே இடிக்கக் கூடாது. ஆளே இல்லங்கிறதுக்கு இந்தா, உன் கையெழுத்து.

— நம்ம தெருவுல போனை எடுக்க ஒருத்தர்கூடவா இல்ல?

— இருநூத்து நாப்பது பேரும் இங்க இருக்கோம்ணே. யாருக்குன்னு பண்ணுவ?

— நடந்தாவது போவோம். ஓடுவோம்.

— இருபது கிலோமீட்டருங்க சார். அந்த அம்மா நாற்காலில வந்திருக்காங்க, இன்னும் ரெண்டு பேர் கைக்குழந்தையோட. வெளிய கேட்டுல போலீஸ் வண்டி ஒண்ணு நிக்குது. வரும்போது இல்ல. பாதுகாப்புக்குன்னாங்க.

— டிரைவர், உண்மையச் சொல்லுங்க. உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?

— சத்தியமா தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா மட்டும் நான் என்ன கிழிச்சிருக்கப் போறேன்? எங்க பகுதியிலயும் போன வருஷம் எடுத்தாங்க. முப்பது வீடு.

— முப்பதையும் இடிக்க எவ்வளவு நேரம் ஆச்சு?

— ஒரு மணி நேரங்கூட ஆகல.

— நம்மது அறுபத்திரெண்டு வீடு. மூணு வண்டி. எட்டரைக்கு நாம கிளம்பினோம். இப்ப மணி என்னங்க?

— பதினொண்ணே கால் தாண்டிடுச்சும்மா.

— அத்தையோட கண்ணாடி ஜன்னல் திட்டுல இருக்குண்ணே. கிளம்பும்போது பார்த்தேன். எட்டி எடுக்கிற தூரந்தான்.

— நான் மேடைக்குப் போறேன். நாடகத்த நிறுத்திட்டுச் சொல்லிடறேன்.

— என்னன்னு சொல்லுவ?

— உள்ளதச் சொல்லுவேன். நாம இங்க உட்கார்ந்து சிரிச்சிட்டிருந்த நேரத்துல அங்க நம்ம வீட்டயெல்லாம் இடிச்சுட்டாங்கன்னு.

— அது என் வசனம்ணே. நீதான் எழுதிக் கொடுத்த. ரெண்டு மாசமா தெருவுல ஒத்திகை பார்த்ததுல சின்னப் பிள்ளைங்களுக்குக்கூட மனப்பாடம். நீ போய் அதச் சொன்னா கைதட்டுவாங்க. நீ அழுதா இன்னும் பலமாத் தட்டுவாங்க.

— அப்ப நீயே சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க.

— நான் ரெண்டு மாசமா அதத்தான் அழுது அழுது சொல்லிட்டிருக்கேன். இன்னைக்கு மட்டும் எப்படி அழட்டும்?

— சார், மணி அடிச்சுட்டாங்க. உங்களத்தான் பார்க்கிறாங்க. நான் கிளம்பட்டுங்களா? சீட்டு வேணுங்க, சூப்பர்வைசர் கேட்பாரு.

— குடுத்துடு, அண்ணே. அவரு என்ன பண்ணுவாரு.

— இந்தாங்க.

— வர்றேன்மா. மனசுல வெச்சுக்காதீங்க.

— விளக்கு அணைஞ்சிடுச்சு. நான் போகணும். பாரேன், அத்தை இங்கிருந்தே தெரியறாங்க. கண்ணாடி இல்லாம மேடைப் பக்கம் எப்படிச் சிரிச்சிட்டு இருக்காங்க பாரு. ஒரு ஊரே இப்படி ஏமாந்து போகுமா, நம்புற மாதிரி இல்லன்னு உன்கிட்ட வாதாடிட்டு இருந்தேனே.

— அந்த அம்மாவும் அதேதான் கேட்டாங்க.

— எந்த அம்மா?

— அனுமதி ஆபீஸ் அம்மா. டீ குடிச்சிட்டிருக்கும்போது. துரை கூப்பிட்டா நிஜமாவே ஊரு மொத்தமும் வந்துடுமான்னாங்க. எதுக்குக் கேட்கிறாங்கன்னு நான் யோசிக்கல. கதைய ஆழ்ந்து படிச்சிருக்காங்களேன்னு சந்தோஷந்தான் பட்டேன். துரை கூப்பிட்டா வராதும்மா, அவங்கள்ல ஒருத்தனே வீடு வீடாப் போய்க் கூப்பிட்டா ஒரு ஆள் மிச்சமில்லாம வரும்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.