பொத்தானை அழுத்தியது யார்?

பாரம் சுமக்கும் தோள்களெல்லாம் ஓரிடத்தில் திரண்டிருக்கும் இந்த மாலைப் பொழுதுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! பேச்சைக் குறைத்துப் பெருமையைப் பெருக்கிக்கொண்ட செயலாளர் அவர்களே! கிரேனின் உச்சியில் அமர்ந்து மேகங்களோடு பேசிப் பழகிய ஓட்டுநர் அண்ணன்மார்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தவர்களே! வேலைக்குப் போனவர் வீடு திரும்பும்வரை வாசலிலேயே கண்ணை வைத்திருக்கும் தாய்மார்களே! மதிலோரம் சாய்ந்தபடி, இந்த அம்மா எப்போது முடிப்பாள் என்று மணி பார்க்கும் தம்பிமார்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் வாக்கிடாக்கி பழுதுபார்ப்பவள். சரக்குக் கிடங்குக்கு எதிர்த்தெருவில், சாவிக்கடைக்கும் சலவைக்கடைக்கும் நடுவே, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மூச்சுவிட முடியாத கடை என் கடை. ஊமையாகிப் போன கருவிகளைப் பேசவைப்பது என் பிழைப்பு. இந்த மேடை ஏறுவதற்கு முன்னால்கூட, ஒலிவாங்கியின் கம்பி எங்கே போகிறது என்று பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்! சந்தேகம் ஒரு குடும்பத்துக்குள் குடியேறிய கதையைக் கேட்டபிறகும் அந்தச் சிரிப்பு மிஞ்சுகிறதா, பார்ப்போம்.

கிடங்கில் வேலை செய்கிறவர்கள் மதிய உணவுக்குக் கூடும் இடம், தகரக் கூரை போட்ட ஓய்வறை. அங்கே பேசாத பேச்சுண்டா? ஏசாத ஆளுண்டா? ஆனால் அந்த அறையில் பேசியதெல்லாம் மேலாளரின் அறையில் எதிரொலிக்கத் தொடங்கியது. கிரேன் ஓட்டும் அண்ணன் ஒருவர். உயரத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பதால் அவருக்குக் கொக்கு என்று பெயர். காய்ச்சல் என்று விடுப்புக் கேட்டுவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போகப்போவதாக அவர் ஓய்வறையில் சொன்னார். மறுநாள் மேலாளர் அவரைக் கூப்பிட்டு, "ஏம்ப்பா, உன் காய்ச்சல் தங்கச்சி வீட்டுக்குப் போனாத்தான் இறங்குமா?" என்று கேட்டார்.

அது விளையாட்டு. அடுத்தது வினை. கிரேனின் இரும்புக் கயிறு இழை பிரிந்து கிடந்தது. மாற்றாவிட்டால் ஒட்டுமொத்தமாக வேலையை நிறுத்துவோம் என்று அந்த அறையில் முடிவு செய்தார்கள். முடிவின் சூடு ஆறுவதற்குள் மேலாளர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஒருவரை மிரட்டினார், ஒருவரைத் தட்டிக்கொடுத்தார். ஒற்றுமை ஓட்டை விழுந்த சாக்குபோல் ஒழுகிப்போனது.

யார் சொன்னது? யார் காட்டிக்கொடுத்தது? கூடவே உட்கார்ந்து சாப்பிடுகிற எந்த வாய், எழுந்துபோய் மேலாளர் காதைக் கடித்தது? எடை போடுகிறவர், காவலாளி மாமன் பேசினால் வாயை மூடிக்கொண்டார். காவலாளி மாமன், எடை போடுகிறவர் வந்தால் இடத்தை மாற்றிக்கொண்டார். அப்போதுதான் ஒருவர் வாயிலிருந்து அந்த வார்த்தை விழுந்தது.

"வாக்கிடாக்கி எல்லாம் ரேடியோக்காரிகிட்டதானே போய்ட்டு வருது? உள்ள எதையோ வெச்சு அனுப்புறா. அவ புருஷனுக்குத் தெரியாமலா இருக்கும்?"

என் கணவர் அதே கிடங்கில் கிரேனுக்குக் கீழே நின்று சைகை சொல்கிறவர். "தூக்கு, இறக்கு, நிறுத்து" என்று அவர் வாக்கிடாக்கியில் சொன்னால்தான் மேலே சரக்கு அசையும். அன்றிலிருந்து அவர் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் இடம் காலியானது. அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் அவர் குரல் தாழ்ந்தது. என் கருவிப்பை கிடக்கும் அறைக்குள் வந்தாலே பேச்சை நிறுத்திவிடுவார். உடம்புக்கு முடியவில்லையோ என்று நினைத்தேன். வேறு ஏதாவதோ என்றும் நினைத்தேன்! ஆமாம் தாய்மார்களே, நீங்கள் தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது. கணவன் காரணமில்லாமல் மௌனமானால் மனைவியின் மனம் எத்தனை தெரு சுற்றும்?

ஒரு நாள் காலையில் சங்கிலி நழுவி, மேலே தொங்கிய கன்டெய்னர் ஒரு பக்கமாகச் சரிந்தது. "நிறுத்து! நிறுத்து!" என்று என் கணவர் கத்தினார். கிரேன் நிற்கவில்லை. யார் காதில் விழுமோ என்ற பயத்தில் கொக்கு அண்ணன் தன் கருவியையே அணைத்துவிட்டு, கையசைப்பை மட்டும் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். என் கணவர் விழுந்து புரண்டு தப்பினார். உயிர் பிழைத்தது, மணிக்கட்டு உடைந்தது.

கட்டுப் போட்ட கையோடு வீட்டில் உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டேன்.

"என்னங்க, வேலையில என்னதான் நடக்குது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமலா கையை ஒடச்சிட்டு வந்திருக்கீங்க?"

என் கருவிப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உண்மையைச் சொல்லு. அந்தப் பெட்டிக்குள்ள நீ ஏதாச்சும் வெச்சியா?"

பெருமக்களே! ஊர் கேட்டிருந்தால் உதறியிருப்பேன். உறவு கேட்டிருந்தால் உறவையே அறுத்திருப்பேன். என் தட்டில் சாப்பிட்டு, என் தலையணையில் தலைவைக்கும் மனிதர் கேட்டார்!

"நீங்களும் நம்புனீங்களா?"

"நம்பல. ஆனா கேக்காம இருக்க முடியல."

அழுதேனா? அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தேன். அந்தக் கிடங்கிலிருந்து வந்த கருவி ஒவ்வொன்றையும் நான் திறந்து பார்த்திருக்கிறேன். துருவைச் சுரண்டியிருக்கிறேன், தளர்ந்த ஆன்டெனாவை இறுக்கியிருக்கிறேன், அறுந்த கம்பியைப் பற்றவைத்திருக்கிறேன். ஒட்டுக் கேட்கும் சாதனம் எதிலும் இல்லை. ஆனால் ஒன்று! பேட்டரியும் தோலுறையும் ஒருநாளும் என் கடைக்கு வந்ததில்லை. வெறும் கருவியை மட்டும்தான் கொண்டுவருவார்கள். சோதிப்பதற்கு என்னிடமிருக்கும் பேட்டரியைத்தான் போடுவேன். வயிற்றுவலியை வீட்டில் விட்டுவிட்டு உடம்பை மட்டும் வைத்தியரிடம் அனுப்பினால் வைத்தியர் என்ன கண்டுபிடிப்பார்?

எந்தக் கருவியாவது தானாகப் பேசுகிறதா என்று பார்க்க, மறுநாள் மதிய இடைவேளையில் என் வாக்கிடாக்கி ஒன்றை அவர்கள் சேனலில் வைத்துக்கொண்டு கிடங்கு மதிலோரம் போய் நின்றேன். கரகரப்பு. கொஞ்சம் அமைதி. பிறகு தெள்ளத் தெளிவாக ஒரு குரல். கிடங்கு மேஸ்திரியின் குரல்.

"நான் அடிச்சுச் சொல்றேன், அந்த ரேடியோக்காரிதான் உளவு சொல்றா!"

என்மேல் சொன்ன பழி என் கையிலிருந்த கருவியிலேயே என்னைத் தேடி வந்தது! யாரை உளவாளி என்றாரோ அவளுக்கே அவர் ஒலிபரப்பிக்கொண்டிருந்தார்!

மதிலைச் சுற்றி உள்ளே நடந்தேன். "எங்க போற? உனக்கு இங்க என்ன வேலை?" என்றார் காவலாளி மாமன். நான் நிற்கவில்லை. ஓய்வறை வாசலை மிதித்ததும் என் கருவி ஊளையிட்டது. ஒரு கருவி பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றைப் பக்கத்தில் கொண்டுபோனால் அப்படித்தான் அலறும். மேஸ்திரி அண்ணனை நெருங்க நெருங்க அந்த அலறல் ஏறியது. அவர் பதறி நாற்காலியிலிருந்து எழுந்தார். அலறல் நின்றது.

"அண்ணே, திரும்ப உக்காருங்க."

உட்கார்ந்தார். அலறியது.

"எழுந்திருங்க."

எழுந்தார். அடங்கியது. அதோ, மேஸ்திரி அண்ணனே உங்களுக்கு நடுவிலிருந்து கையாட்டுகிறார். உட்காருங்கள் அண்ணே, இன்றைக்குப் பயமில்லாமல் உட்காரலாம்!

இடைவேளையில் எல்லோரும் தங்கள் கருவியை அணைத்துவிடுவார்கள். அலுவலகம் கூப்பிட்டால் பதில் சொல்ல மேஸ்திரியின் கருவி மட்டும் விழித்திருக்கும். அவர் உட்கார்ந்ததும் நாற்காலியின் கை, இடுப்பிலிருந்த கருவியின் பேசும் பொத்தானை அழுத்தியது. எரிகிற சிவப்பு விளக்கை அவருடைய செழிப்பான வயிறு மறைத்தது. கேட்கிற ஒரே கருவி மேலாளரின் மேசையில்.

ஆனால் நான் விளக்கம் சொல்ல வாய் திறப்பதற்குள் என்ன நடந்தது தெரியுமா? எடை போடுகிறவர் மேஸ்திரியின் சட்டையைப் பிடித்தார்.

"நீதானா அது? அடுத்தவ மேல பழியைப் போட்டுட்டு நீ போட்டுக் குடுத்தியா?"

"ஐயோ, எனக்கு ஒண்ணும் தெரியாதுடா!" என்று கையெடுத்துக் கும்பிட்டார் மேஸ்திரி.

சந்தேகத்துக்குச் சாப்பிட ஆள் வேண்டும். நான் தப்பித்ததும் அவரைக் கடித்தது! என்னைத் தூற்றிய வாய்தானே, படட்டும் என்று நான் விட்டிருக்கலாம். விட மனம் வரவில்லை. உறையைக் கழற்றினேன். கருவியைப் பிரித்து அந்தப் பேட்டரியைக் கையில் எடுத்து எல்லோருக்கும் காட்டினேன். பூரிபோல உப்பிக் கிடந்தது. அது வீங்கி உறையைப் பிதுக்கி, பொத்தானை வெளியே தள்ளியிருந்தது. "அண்ணே, சட்டையை விடுங்க. இதுதான் உளவாளி. வேற ஆளே கிடையாது" என்றேன். பிடித்த கை மெல்லத் தளர்ந்தது.

அப்படியே எல்லோரும் மேலாளர் அறைக்குப் போனோம். மேசையில் அவருடைய வாக்கிடாக்கி, ஒலியை முழுக்கக் கூட்டி வைத்தபடி.

"ரேடியோ ஆன்ல இருந்துச்சு. கேட்டுச்சு, கேட்டேன். இதுல என் தப்பு என்ன?"

"பொத்தான் மாட்டிக்கிச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்? எங்க வீட்டுக்காரர் கை ஒடஞ்சிருக்காதே?" என்று கேட்டேன்.

அவர் கையை மட்டும் நீட்டி ஒலியைக் குறைத்தார்.

அவர் வாங்கிக்கொடுத்தது மட்டமான பேட்டரிகள். உப்பும் என்று தெரிந்தேதான் வாங்கினாரா? எனக்குத் தெரியாது. ஆதாரம் இல்லாமல் மேடையில் பழி சொல்ல மாட்டேன். அது என்ன செய்யும் என்று பட்டறிந்தவள் நான். ஆனால் அவரைக் கவனிப்பதையும் நிறுத்த மாட்டேன்! இரும்புக் கயிறு மாறிவிட்டது. பேட்டரிகள் மாறிவிட்டன. இப்போது பேட்டரியும் உறையும் சேர்ந்துதான் என் கடைக்கு வருகின்றன.

அன்று சாயங்காலம் கொக்கு அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மச்சான், அன்னிக்கு நான் ரேடியோவை அணைச்சு வெச்சிருந்தேன்."

"தெரியும்" என்றார் என் கணவர்.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நான் கூப்பிட்டேன்ல, உனக்குக் கேக்கலயே."

என் அருமைப் பெருமக்களே! சந்தேகம் வருவது பாவமா? இல்லை! எதிரில் நிற்கும் அதிகாரத்தைச் சந்தேகியுங்கள், கையில் கொடுக்கும் கருவியைச் சந்தேகியுங்கள், காதில் விழும் கதையை நூறுமுறை சந்தேகியுங்கள்! ஆனால் தோளோடு தோள் நிற்பவன்மேல் சந்தேகம் வந்தால், முதுகுக்குப் பின்னால் முணுமுணுக்காதீர்கள், முகத்துக்கு நேரே கேளுங்கள். என் கணவர் என்னைக் கேட்டாரே, அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. ஆனால் அதுதான் என்னை மதிலோரம் கொண்டுபோய் நிறுத்தியது. அவர் அதை முதல் நாளே கேட்டிருந்தால் அந்த மணிக்கட்டு உடைந்திருக்காது. கேட்கப்படும் கேள்வி காயப்படுத்தும். கேட்கப்படாத கேள்வி கன்டெய்னராக வந்து தலையில் இறங்கும்! யார்மேல் எத்தனை கோபம் இருந்தாலும், கீழே ஒருவன் "நிறுத்து" என்று கத்தும்போது மேலே ஒரு காது திறந்திருக்க வேண்டும்!

இடம் தந்த தலைவருக்கும், இடைமறிக்காமல் இருந்த மூத்தவர்களுக்கும், வீட்டு வேலையை ஒதுக்கிவைத்து வந்த தாய்மார்களுக்கும், மணி பார்ப்பதை எப்போதோ மறந்துவிட்ட தம்பிமார்களுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. எல்லோரும் முழுக் கையோடும் முழு உயிரோடும் வீடு சேருங்கள். வருகிறேன், வணக்கம்!