கறியும் கம்ப்யூட்டரும்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி கல்யாணப் பத்திரிகை டைப் செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறார் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது. "நான் மாத்துன மாதிரி உன் கடை கம்ப்யூட்டர்லயும் விண்டோஸ எடுத்துட்டு, காசில்லாமக் கெடைக்கிற லினக்ஸ் போட்டுடலாம். திருட்டு சிடி வேணாம், வைரஸ் தொல்லையும் இல்ல" என்று கணவர் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தார்.

"நீங்க கறி திங்கிறத விட்டீங்களே, என்னைய விடச் சொன்னீங்களா?" என்றார் அந்தப் பெண்.

"அது எப்படிச் சொல்றது? வெட்டித் திங்க எனக்கு மனசு வரல, விட்டேன். உன் சாப்பாடு உன் இஷ்டம்."

"அது ஒரு உசுரு போற விஷயம். அதுக்கே வாயத் தொறக்காம, நான் கறி திங்கையில பக்கத்துல உக்காந்து ரசஞ்சோறு திங்கிற மனுசன், ஒரு கம்ப்யூட்டர் பொட்டிக்குப் போயி இவ்ளோ பேசுறீங்களே!"

கணவருக்குக் கோபம் வருமென்று நினைத்தேன். வரவில்லை. "நீ சொல்றது சரிதான். இனிமே கேக்கல" என்றார்.

அரியலூரில் இறங்கும்போது அந்தப் பெண் அவரிடம் சொன்னது காதில் விழுந்தது. "கடையில பழைய பொட்டி ஒண்ணு சும்மாத்தான கெடக்கு. அதுல உங்க லினக்ஸப் போட்டுக் காட்டுங்க. தமிழ் எழுத்து ஒழுங்கா வருதான்னு பாப்போம்."