இல்லாத தவளைக்கு முழு மதிப்பெண்

"கண்ணால பாத்ததை வரையணுமா சார், புத்தகத்துல பாத்ததை வரையணுமா?"

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோரே, அடுப்பை அணைத்த கையோடு ஓடிவந்திருக்கும் தாய்மாரே, ஆசிரியத் தோழர்களே, உட்கார இடமின்றிச் சன்னலில் தொற்றிக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே! இந்தப் பள்ளிப் பெண் ஒருத்தி சென்ற வாரம், ஓய்வுபெற்ற ஆசிரியனான என்னிடம் கேட்ட கேள்வி அது. உங்களுக்கு வணக்கம் சொல்லும் முன்பே அது முந்திக்கொண்டது. பொறுத்தருளுங்கள், இப்போது வணக்கம்.

நடந்தது இதுதான். செய்முறைத் தேர்வு. நுண்ணோக்கியில் ஒரு ஸ்லைடு. அதில் ஒட்டிய சீட்டில் 'தவளை ரத்தம்' என்று எழுதியிருந்தது. தவளையின் சிவப்பணு நீள்வட்டமாக இருக்கும். பழத்துக்குள் கொட்டை போல நடுவே உட்கரு இருக்கும். பாடப்புத்தகப் படமும் அதுதான். வகுப்பு முழுவதும் அதையே வரைந்தது. இவள் மட்டும் வட்ட வட்டமாக வரைந்து, உட்கரு இல்லாமல் விட்டாள்.

புத்தகம் படித்தாயா என்றாராம் தேர்வாளர். படித்தேன் என்றாளாம்.

"அப்ப உட்கரு எங்கம்மா?"

"இதுல இல்ல சார்."

"முதல்ல உன் கண்ணாடிய மாத்து."

தடித்த கண்ணாடி போட்ட பெண். தோழிகள் சோடாபுட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். அறையே சிரித்தது. மதிப்பெண் பூஜ்யம். பூஜ்யம் வாங்கியவளுக்கு அடுத்த ஆண்டு உயிரியல் பிரிவில் இடமில்லை. தையல் வேலை செய்யும் அவள் அம்மா வந்து கேட்டதற்கு, சீட்டில் தவளை என்று எழுதியிருக்கிறதே, சீட்டு பொய் சொல்லுமா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பின்வரிசையில் யாரோ சிரிக்கிறீர்கள். சிரிக்காதீர்கள் ஐயா, எனக்கு வயிறு எரிகிறது.

நுண்ணோக்கியின் வரலாறு என்ன? கண்டதைச் சொன்னவரைக் கண்டபடி சந்தேகித்த வரலாறு! முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னால், ஒரு துணி வியாபாரி தானே தேய்த்த சின்னஞ்சிறு லென்ஸில் தண்ணீரைப் பார்த்தார். துளிக்குள் உயிர்கள் துள்ளுவதைக் கண்டார். கற்றவர் சபையில் பலர் நம்பவில்லை. ஊராரிடம் சாட்சி எழுதி வாங்கி அனுப்பினார் மனிதர். சபை தானே குனிந்து பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டது. அதோடு முடிந்ததா? லென்ஸின் ஓரமெல்லாம் வானவில் நிறம் படர்ந்து உருவத்தைக் குழப்பியது. அந்தக் குறை தீர நூறாண்டுக்கும் மேல் கண்ணாடியோடு மல்லுக்கட்டினார்கள். அது தெளிந்த பிறகுதான், செடியும் விலங்கும் செல்லால் ஆனவை என்ற உண்மை துலங்கியது. அதற்கும் நூறாண்டு கழித்து, ஒளிக்குப் பதில் எலக்ட்ரானைப் பாய்ச்சி வைரஸையே கண்முன் நிறுத்தினார்கள். எதற்காக இத்தனை பாடு? ஊகிக்காமல் பார்ப்பதற்காக! பார்க்கவே போவதில்லை என்றால் அந்தக் கருவி எதற்கு? மேசைமேல் காகிதம் பறக்காமல் இருப்பதற்கா?

தலைமை ஆசிரியையின் அனுமதியோடு அந்த ஸ்லைடு இதோ, நுண்ணோக்கியோடு இந்த மேசையில் இருக்கிறது. தேர்வாளரும் வந்திருக்கிறார். சார், கொஞ்சம் மேலே வாருங்கள். வருகிறார். கைதட்டாதீர்கள், கேலியாகிவிடும். குமிழைத் திருப்புகிறார்... இன்னும் திருப்புகிறார்... சார், மைக்கில் சொல்லுங்கள்.

"வட்டமாத்தான் இருக்கு. உட்கரு இல்ல. இது தவளை இல்ல."

சீட்டு மாறியிருக்கிறது; உட்கரு இல்லாத வட்டச் சிவப்பணு மனித ரத்தத்தில் இருப்பது. நன்றி சார், எல்லார் முன்னாலும் சொன்னீர்களே, அதற்காகவே உங்களை வணங்குகிறேன். அவள் மதிப்பெண்ணைத் திருத்திவிடுவதாகச் சொல்கிறார். அழாதீர்கள் அம்மா, உட்காருங்கள். இப்போது தட்டுங்கள் கையை!

போதும். என் ஆத்திரம் இன்னும் தீரவில்லை. இவளுடைய பூஜ்யத்தை அழித்துவிடலாம். மற்றப் பிள்ளைகள் வாங்கிய முழு மதிப்பெண்ணை என்ன செய்வது? லென்ஸில் கண்ணை வைத்துக்கொண்டே, இல்லாத தவளையின் இல்லாத உட்கருவை வரைந்தார்களே, அவர்கள் என்ன முட்டாள்களா? உள்ளதை வரைந்தால் உதை, ஊரோடு சேர்ந்து வரைந்தால் பரிசு என்று பழக்கியது யார்? நாளைக்கு ஆய்வுக்கூடத்தில் ஒரு நோயாளியின் ரத்தத்தை வைத்தாலும் சீட்டைப் பார்த்துத்தானே எழுதுவார்கள்? அது உங்கள் குழந்தையின் ரத்தமாக இருந்தால்? அவர்கள் மதிப்பெண்ணைப் பறிக்கச் சொல்லவில்லை. மறுபடி கூப்பிடுங்கள்! மறுபடி பார்க்க வையுங்கள்! புத்தகத்தை மூடிவைத்து வரையச் சொல்லுங்கள்! தலைவர் தலையசைக்கிறார். திங்கட்கிழமையே என்கிறார். அந்த ஒரு சொல்லுக்குத்தான் இந்த வயதில் மேடையேறினேன்.

என் கோபத்தை இவ்வளவு நேரம் தாங்கிய உங்கள் எல்லாருக்கும் நன்றியும் வணக்கமும். வீட்டுக்குப் போனதும் ஓர் இலையின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அந்தச் சொட்டும் ஒரு லென்ஸ்தான்; அதன் வழியே தெரிவதை, தெரிகிறபடியே வரையுங்கள்.