கோட்டை அடிவாரத்து பூட்ஸ் கடை

ஒன்பதா? உங்க காலப் பாத்தா ஒன்பது மாதிரி தெரியலையே தம்பி. எட்டுதான். ஆம்பளைங்க எல்லாரும் ஒரு சைஸ் கூட்டித்தான் சொல்லுவீங்க. உக்காருங்க அந்த பெஞ்சுல. ஐயோ, மொதல்ல அந்தப் பைய இறக்கி வைங்க. கோட்டை வரைக்கும் அறுநூத்துச் சொச்சம் படி, மிஞ்சிப்போனா ரெண்டு மணி நேரம். நீங்க என்னவோ மேல குடித்தனம் பண்ணப் போற மாதிரி கட்டிட்டு வந்திருக்கீங்க. இது என்ன, விசிலா? தொலைஞ்சு போனா ஊதறதுக்கா? படிக்கட்டுல எங்க தம்பி தொலையறது! சரி சரி, கோச்சுக்காதீங்க. தொப்பில விலைச்சீட்டு தொங்குது, இருங்க, கிழிச்சு விடறேன்.

இந்த ஊருக்கு வர்றவங்க ரெண்டு ரகம். கோட்டைய பாக்க வர்றவங்க ஒண்ணு, கோட்டைக்குப் பின்னாடி பாறைல கயிறு கட்டித் தொங்க வர்றவங்க ஒண்ணு. நீங்க எந்த ரகம்? எதுவா இருந்தாலும் பரவால்ல, பூட்ஸ் ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

கோட்டையா? நல்லா இருக்கும், போய்ப் பாருங்க. மேல ஒரு பீரங்கி கிடக்கு. நாலு மாசம் இழுத்து ஏத்தினாங்களாம். ஏத்தி முடிச்சு பாத்தா குண்டு உள்ள போகலையாம், அளவு தப்பு. அத யார்கிட்ட போய் சொல்றதுன்னு பயந்து, பளபளன்னு தொடச்சு அப்படியே நிறுத்தி வச்சுட்டாங்க. நல்லவேளை, யாரும் சண்டைக்கே வரல. அத்தன படி ஏறி வர்றதுக்குள்ள கோவம் ஆறிப்போயிருக்கும்.

எனக்கு எப்படித் தெரியுமா? எல்லாம் என் பொண்ணு சொல்றதுதான். மேல டிக்கெட் குடுக்கற எடத்துல உக்காந்திருக்கா. பழைய ரெக்கார்டெல்லாம் படிச்சு வச்சுட்டு வர்றவங்களுக்கு கதை கதையா சொல்லுவா.

இல்ல, மொதல்லேர்ந்தே அந்த வேலை இல்ல. அவ கயித்துக்காரி. பின்பக்கப் பாறைல ஆளுங்கள கயிறு கட்டி இறக்கி ஏத்தறது அவதான். கூட வேலை செய்யறவங்க கயித்தக்கான்னுதான் கூப்பிடுவாங்க. பதினோரு வருஷம். ஒருத்தர் மேல ஒரு கீறல் பட்டதில்ல.

அப்புறம் என்னவா? அது ஒரு கதை. லேஸ கட்டிக்கிட்டே கேளுங்க. போன வருஷம் மழை விட்ட சமயம் ஒருத்தர் வந்தாரு. படிச்சவரு. பாறை ஓரத்துல கம்பி வேலி, இதத் தாண்டாதீங்கன்னு பெருசா ஒரு போர்டு. அதையும் படிச்சிருப்பாருன்னுதான் நெனைக்கறேன். ஆனா ஃபோட்டோல போர்டு விழுதேன்னு வேலியத் தாண்டிப் போய் நின்னாராம். ஈரப் பாறை. சும்மா விடுமா? இருபதடி கீழ ஒரு திட்டுல போய் விழுந்துட்டாரு. செல்ஃபோன் அங்கேயும் நிக்காம அதல பாதாளத்துக்குப் போயிடுச்சு.

என் பொண்ணு கயித்தக் கட்டி இறங்கினா. பக்கத்துல போனதும் அந்த மனுஷன் கேட்ட மொதல் கேள்வி என்ன தெரியுமா? என் ஃபோனப் பாத்தீங்களான்னு. அது இன்னும் விழுந்துட்டே இருக்கு, நீங்க கொஞ்ச நேரம் இங்கேயே இருங்கன்னு இவ சொல்லிருக்கா. பாருங்க, நீங்களே சிரிக்கறீங்க. அவரும் சிரிச்சாராம், அழுதுகிட்டே.

அவரத்தான் மொதல்ல மேல அனுப்பினா. இழுக்கறப்ப அவர் கால் பட்டு ஒரு கல்லு பேந்துச்சு. பெரிய கல்லு இல்ல தம்பி, இதோ இந்த பூட்ஸ் பெட்டி அளவுதான். நேரா இவ முழங்கால்ல.

ஏன் லேஸ விட்டுட்டீங்க? குடுங்க, நான் கட்டறேன். காலைல ஏதாவது சாப்பிட்டீங்களா இல்லையா?

ரெண்டு ஆபரேஷன். அவருக்குத் தோள்பட்டைல விரிசல். இவள ஆபரேஷனுக்கு உள்ள கொண்டு போயிருக்காங்க, அந்த நேரம் பாத்து அவரோட அம்மா கார் வச்சு அவர ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. இவ கோவப்படல. பாறைன்னா கல்லு விழும், என் வேலைதானேம்மான்னுட்டா. ஆனா ஆறு மாசம் கேட்டுட்டே இருந்தா. அந்த ஆளுக்குத் தோள் சரியாச்சாம்மா, ஏதாவது தகவல் வந்துச்சாம்மான்னு. இல்லன்னேன். அப்புறம் கேக்கறத விட்டுட்டா. ஒரு நாள் மட்டும் சொன்னா, ஒரு வார்த்தை விசாரிக்கணும்னு கூட அவருக்குத் தோணல பாரேன்னு. சிரிச்சுகிட்டேதான் சொன்னா. அந்தச் சிரிப்ப என்னால பாக்க முடியல.

கால் இப்ப நல்லா இருக்கு. பயப்படாதீங்க, நடக்கறா, வண்டி ஓட்டறா. பாறை ஏறலாம்னு டாக்டரும் சொல்லி நாலு மாசமாச்சு. இவதான் கயித்தத் தொட மாட்டேங்கறா. கேட்டா, எதுக்கும்மா, யாருக்காகன்னு ஒரே வார்த்தை.

எங்க எழுந்துக்கறீங்க? உக்காருங்க. தாடிய எடுத்துட்டா ஆள் அடையாளம் தெரியாதுன்னு நெனச்சீங்களாக்கும். ஆஸ்பத்திரில உங்க கட்டில் பக்கத்துல அரை மணி நேரம் நின்னவ நான். நாக்கப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்னுதான் நின்னேன். நீங்க பாட்டுக்கு ஊசி போட்ட மயக்கத்துல கிடந்தீங்க. உங்ககிட்ட பேசி என்னத்துக்குன்னு வந்துட்டேன்.

வேணாம் தம்பி, கையெல்லாம் கூப்பாதீங்க. மன்னிப்புக் கேக்க வேண்டியவரு நீங்க ஒருத்தர்தான்னு நெனக்காதீங்க. நான் சொல்றத மொதல்ல கேளுங்க.

உங்க லெட்டர் வந்துச்சு. மூணும் வந்துச்சு.

யார்கிட்டயோ விசாரிச்சு, கயித்தக்கா, பூட்ஸ் கடை, கோட்டை அடிவாரம்னு எழுதினா என் கைக்குத்தானே வரும். மொத லெட்டர் வந்தன்னிக்கு அவளுக்கு ரெண்டாவது ஆபரேஷன். பிரிச்சுப் படிச்சேன். அவங்க முழங்கால் எப்படி இருக்குன்னு ஒரே லெட்டர்ல நாலு தடவ கேட்டிருந்தீங்க. கேட்டுட்டா ஆச்சான்னு எனக்குக் கோவம். டிராயர்ல போட்டுப் பூட்டிட்டேன். ரெண்டாவது வந்தப்ப கோவம் கொறஞ்சிருந்துச்சு. ஆனா குடுத்தா மொத லெட்டர் எங்கம்மான்னு கேப்பாளே. அதையும் உள்ள போட்டேன். மூணாவது வந்தப்ப பிரிச்சுப் பாக்கக்கூட தைரியம் இல்ல.

இத்தன நேரம் உங்களப் பிடிச்சு வச்சு பேசிட்டிருக்கேனே, வேற எதுக்குன்னு நெனச்சீங்க? நீங்க மேல போய் அவ முன்னாடி நின்னா அஞ்சு நிமிஷத்துல எல்லாம் வெளிய வந்துடும். நீங்க மறந்துட்டீங்கன்னு அவ நெனச்சதெல்லாம் நான் பண்ணின வேலையாலன்னு தெரிஞ்சுடும். அவ கத்தினா தாங்கிப்பேன். பேசாம இருந்துடுவாளோன்னுதான் பயம்.

இந்தாங்க, இதான். மூணு இருக்கான்னு பாத்துக்கங்க. இல்ல, இல்ல, இங்க குடுங்க. நானே எடுத்துட்டு வரேன், நானே அவ கைல குடுக்கறேன். நீங்க எனக்காகப் பரிஞ்சு ஒரு வார்த்தை பேசக்கூடாது, சொல்லிட்டேன்.

அந்த ஷட்டர ஒரு கை பிடிச்சு இறக்குங்க. மேல வேலை பாக்கறவங்கள வேன் காலைல மலை ரோட்டு வழியா ஏத்திட்டுப் போறதோட சரி, இனி சாயங்காலம்தான் வரும். அது வரைக்கும் காத்திருந்தா எனக்கு மனசு மாறிடும். நடந்தே போயிடலாம்.

பதினெட்டு வருஷமா ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் பூட்ஸ் மாட்டி அனுப்பறேன். நான் இதுவரைக்கும் இருபது படிக்கு மேல ஏறினதில்ல தம்பி. உயரம்னா தலை சுத்தும், கீழ பாத்தா அவ்ளோதான். மெதுவாதான் வருவேன். நீங்க பாட்டுக்கு முன்னாடி போயிடாதீங்க, கூடவே வாங்க.